மஞ்சள் நீரும் நீல அட்டையும்

இங்கே எல்லோரும் என்னை என் அப்பச்சியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். காலை ஏழு மணிக்கு ஆலைக்குள் நுழைந்து நேர அட்டையை இயந்திரத்தில் செருகி எடுப்பதற்குள், பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து ஃபோர்மேன் எர்ல், "ஆனமாலி!" என்று ஒரு சத்தம் போடுவார். அண்ணாமலை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார். பழனியப்பன் என்ற என் சொந்தப் பெயரை முதல் வாரத்தில் இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் பின்னால் வருகிறது. பின்னால் வருவதுதான் இவர்களுக்குக் குடும்பப் பெயர், குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் மரியாதை. நம் பக்கம் ஒருவனை அவன் அப்பன் பெயர் சொல்லி நாலு பேர் நடுவில் கூப்பிட்டால் வம்புக்கு இழுக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது. யார் அது என் அப்பச்சி பெயரை இப்படி வாய்க்கு வந்தபடி கத்துவது என்று கோபத்தோடு போய் நின்றேன். எர்ல் ஒரு பம்ப்பின் வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதில் ஒரு அளவு தெளிவாக இல்லை என்று கேட்டார். அளவைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் இது. ஊருக்கு ஒரே ஆலை, பம்ப் செய்யும் ஆலை. அதில் வரைபடம் போடும் எஞ்சினீயராக இருக்கிறேன். காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் எனக்கு மாதம் ஒரு கடிதமாவது வருகிறது. எழுதுகிறவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. "அண்ணன் அவர்களுக்கு, தங்களுக்கு ஸ்பான்சர் எப்படிக் கிடைத்தது, எனக்கும் ஒரு ஸ்பான்சர் பார்த்துத் தர முடியுமா" என்று கேட்கிறார்கள். ஸ்பான்சர் என்பதை மாப்பிள்ளைக்குப் பெண் பார்ப்பதுபோல நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதைவிட நெருக்கமான ஒரு வார்த்தை நம்மிடமே இருக்கிறது. ஒரு முதலாளி வெளிநாட்டுக்காரன் ஒருவனைக் காட்டி, "இவன் எனக்கு வேண்டும், இவனை இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்க விடுங்கள்" என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் ஸ்பான்சர் செய்வது. பிள்ளையில்லாத வீட்டில் இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் கேட்டு வாங்கி, "இனி இவன் எங்கள் பிள்ளை" என்று பங்காளிகள் முன்னால் சொல்வதை நாம் பிள்ளை கூட்டுவது என்கிறோம். நான் இரண்டு முறை கூட்டப்பட்டவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதச் சோம்பல்பட்டு, எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். படித்த பிறகும் ஸ்பான்சர் வேண்டும் என்பவர்கள் தாராளமாக எழுதலாம்.

நான் பிறந்தது நேமத்தான்பட்டியில். என்னைப் பெற்றவர் பெயர் சிதம்பரம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது, எங்கள் ஒரே கோயில் பங்காளியும் சிதம்பரத்துக்கு அண்ணன் முறையும் ஆன அண்ணாமலை, அமராவதிபுதூரிலிருந்து வந்து என்னைக் கேட்டார். மூன்று ஆண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நடுவில் உள்ளவனைக் கேட்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. எனக்கும் இல்லை, என்னை யாரும் கேட்கவுமில்லை. அமராவதிபுதூர் வீட்டில் நடுவில் ஒரு மணையைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் பங்காளிகள். ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்துக் கொண்டுவந்து, அண்ணாமலையின் மனைவி என் கையில் கொடுத்தார். இனி நான் ஆத்தா என்று கூப்பிட வேண்டியவர் அவர்.

"குடிச்சிருப்பா. மிச்சம் வைக்கப்படாது" என்றார்.

பச்சை மஞ்சளின் வாடை உங்களுக்குத் தெரியும். ஒரே மடக்கில் குடிக்கப் பார்த்தேன், தொண்டை ஒத்துழைக்கவில்லை. அடியில் ஒரு வாய் தங்கிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். யாரோ ஒரு பங்காளி, "முழுசாக் குடிக்கலையேப்பா, இது சேருமா?" என்று ஆரம்பித்தார். அண்ணாமலை என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, அந்த மிச்சத்தைத் தான் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நீங்க எதுக்கு இம்புட்டு யோசிக்கிறீக? பாதி அவன் குடிச்சான், மீதி நான் குடிச்சேன். ரெண்டு பக்கமும் சேந்துருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் எனக்கு அப்பச்சி. என்னைப் பெற்றவர் சின்னப்பச்சி. அன்று மாலை வண்டி ஏறும்போது சின்னப்பச்சி என்னைப் பார்த்து, "வாரேம்ப்பா" என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அப்பா பெயரை மாற்ற வேண்டுமா என்று கேட்டதற்குத் தலைமையாசிரியர், பாதியில் மாற்றினால் வீண் குழப்பம், கல்லூரிக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை பிறகு எங்கே வந்து நிற்கும் என்று பாவம் அவருக்குத் தெரியாது.

அப்பச்சி பர்மாவில் இருந்தவர். பையனாகப் போனவர், தலை நரைக்கும்வரை அங்கேதான். அந்த ஊர்ப் பாஷையில் சண்டை போடுவார், கனவு காண்பார். அறுபதுகளில் ஒரு நாள் அவர் வைத்திருந்த கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இந்த ஊரில் இருப்பதற்கு உன்னிடம் என்ன பத்திரம் இருக்கிறது என்று கேட்டார்கள். அவரிடம் இல்லை. வேண்டும் என்று அதுவரை அவருக்குத் தோன்றியதில்லை. கட்டிய வேட்டியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் கப்பல் ஏறி வந்தார். வந்தபின் புதுவயலில் ஒரு அரிசி ஆலையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தினமும் பஸ்ஸில் போய், சாயங்காலம் தலையெல்லாம் தவிடாகத் திரும்பி வருவார். நான் எஞ்சினீயரிங் முடித்து மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறேன் என்றபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்குட்டு இருக்கணும்னா கடுதாசி குடுப்பானா?"

"படிக்கக் குடுக்கிறான் அப்பச்சி. அப்புறம் வேலையில சேந்தா, அந்த மொதலாளி எழுதிக் குடுத்தா நிரந்தரமா இருக்கலாங்கிறாக."

"அப்ப மொதல்ல அத வாங்கு. கடுதாசி இல்லாம ஒரு ஊர்ல இருந்துறாதேப்பா. நான் இருந்து பாத்துட்டேன்."

ஆத்தா அதற்கு முன்பே போய்விட்டார். நான் கல்லூரியில் இருந்தபோது அது. நான்தான் கொள்ளி வைத்தேன். அதற்கென்று கூட்டி வந்த பிள்ளை, கூட்டி வந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன். அமெரிக்காவுக்குப் புறப்பட்ட அன்று காரைக்குடி ஸ்டேஷனில் ரயில் நகரும் நேரத்தில் அப்பச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாளுக்குக் கொறையில்லாமச் செஞ்சே. எனக்கும் அப்புடிச் செஞ்சுறு, போதும். மத்தது ஒண்ணும் வேணாம்" என்றார். இதை அவர் அழுதுகொண்டெல்லாம் சொல்லவில்லை. கடைக்குக் கிளம்புகிறவனிடம் மணிபர்ஸை மறந்துவிடாதே என்பதுபோலச் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

படிப்பு முடிந்து இந்த ஆலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆனதும் முதலாளி மிஸ்டர் ஹார்ப்பர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். இதை எழுதிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு அவரைத் திட்டுவீர்கள். உன்னை இங்கேயே வைத்துக்கொள்ள விரும்புகிறேன், கம்பெனி உனக்கு ஸ்பான்சர் செய்யும் என்றார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வாரம் கழித்து சாப்பாட்டு அறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வரைபட எஞ்சினீயர் ஒருவர் தேவை, இன்னின்ன படிப்பு, இன்னின்ன அனுபவம். வரிக்கு வரி என் வேலை. என்னை அனுப்பப் போகிறார்கள் என்றே நினைத்துவிட்டேன். அன்று முழுவதும் மேஜையில் இருந்த என் சாமான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசியில் எர்லிடம் கேட்டபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வேலைக்குத் தகுதியான அமெரிக்கன் யாரும் கிடைக்கவில்லை என்று காட்டினால்தான் அரசாங்கம் என்னை அனுமதிக்குமாம். அதற்காக என் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போதே அது காலி என்று விளம்பரம் செய்ய வேண்டுமாம். இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். அவர்கள் வந்துபோன இரண்டு நாளும் மிஸ்டர் ஹார்ப்பர் என்னை ஆலைக்குள் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். நான் அறையில் உட்கார்ந்து, அவர்கள் தகுதியில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன். முகம் தெரியாத மனிதர்கள் உருப்படாமல் போக வேண்டும் என்று வேண்டுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

இருவரும் தேறாமல் போய் அது முடிந்ததும் கம்பெனியின் வக்கீலிடம் அனுப்பினார்கள். மிஸ்டர் கிளைன் என்று பெயர். மெலிந்த மனிதர், பேசும்போதெல்லாம் பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பார். பாஸ்போர்ட்டில் நான் எழுதிக் கொடுத்த அப்பா பெயர் அண்ணாமலை. பிறந்த தேதிக்கு ஆதாரமாக நான் கொண்டுபோன பள்ளிப் புத்தகத்தில் சிதம்பரம். அந்தக் காலத்து நேமத்தான்பட்டியில் யார் பிறப்பைப் பதிவு செய்தார்கள்? அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உன் அப்பா என்றார். இரண்டு பேரும்தான் என்றேன். பென்சில் நின்றுவிட்டது.

"தத்தெடுத்தார்களா? அப்படியானால் எந்தக் கோர்ட் உத்தரவு போட்டது?"

"கோர்ட் இல்லை. மஞ்சள் தண்ணீர் குடித்தேன்."

"அது ஏதாவது நோய்க்கா?"

நான் விளக்கினேன். மணை, பங்காளிகள், வெள்ளிக் கிண்ணம், நான் வைத்த மிச்சம் எல்லாம் சொன்னேன். அதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எனக்கே அது ஏதோ காட்டுவாசிகள் கதைபோல ஒலிக்க ஆரம்பித்தது. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேனே என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், யாராவது கையெழுத்துப் போட்டார்களா, ஒரு தாளாவது இருக்கிறதா என்றார். இல்லை. "அப்படியென்றால் அது நடக்கவில்லை" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தாள் இல்லாத சடங்கை விண்ணப்பத்தில் சேர்த்தால் கேள்வி மேல் கேள்வி வரும், வருடக்கணக்கில் இழுக்கும், கம்பெனியும் சலித்துப்போகும் என்றார். சுலபமான வழி இதுதான். பெற்றவர் சத்தியப் பிரமாணம் எழுதித் தர வேண்டும், இவன் என் மகன் என்று. அண்ணாமலையும் ஒன்று எழுதித் தர வேண்டும், இவன் என் உறவினரின் மகன், நான் வளர்த்தவன் மட்டுமே, எனக்கு மகன் அல்ல, என் பெயரைப் பழக்கத்தினால் போட்டுக்கொண்டான் என்று. நானும் அப்படியே ஒன்று. பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயர் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

எனக்கு வேறு வழி தெரிந்திருந்தால் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் நான் வேறு வழியைக் கேட்கவே இல்லை. என் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டேன். மற்ற இரண்டு தாளையும் சின்னப்பச்சிக்கு அனுப்பி, இது வெறும் சம்பிரதாயம், அப்பச்சிக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அப்பச்சிக்கு நேராக எழுதும் தைரியம் எனக்கு இல்லை.

ஒரு மாதம் கழித்து இரண்டு தாளும் காரைக்குடி நோட்டரி வக்கீலின் முத்திரையோடு வந்தன. கூடவே சின்னப்பச்சியின் கடிதம். அவர் பேசுகிற மாதிரியே எழுதுகிறவர்.

"அண்ணன் மில்லுலருந்து நேரா வந்தாக. தோள்ல தவிடு. இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கு, தமிழ்ல சொல்லுங்கன்னு வக்கீலக் கேட்டாக. நான் அவருக்குக் கண்ணக் காட்டுனேன், சும்மா பேருதான் மாத்துறதுன்னு சொல்லட்டும்னு. அவரு கவனிக்கலை, உள்ளத உள்ளபடி படிச்சிட்டாரு. 'மேற்படி பழனியப்பன் எனக்கு மகன் அல்ல'ன்னு வரைக்கும் படிச்சாரு. அண்ணன், நான் குடிச்ச மிச்சத்துக்கு இவுக தாள்ல எடம் இல்லையோன்னாக. வக்கீலுக்கு வெளங்கல. அப்பறம் என்னையப் பாத்து, இதப் போட்டா பய அங்குட்டு நெலச்சுருவானான்னு கேட்டாக. நெலச்சுருவான்னேன். போட்டுட்டாக. வெளிய வந்து காப்பி குடிப்பமான்னேன், வேணாம்னுட்டு பஸ் ஏறிட்டாக. மறுநா அந்த வெள்ளிக் கிண்ணத்தத் துணியில சுத்திக்கிட்டு நேமத்தான்பட்டிக்கே வந்துட்டாக. இது உங்க வீட்டுப் பிள்ளை குடிச்சது, ஒங்ககிட்ட இருக்கட்டும்னு வச்சுட்டுப் போயிட்டாக. நான் எடுக்கல. அது வச்ச எடத்துலயே இருக்கு."

தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மிஸ்டர் கிளைன் அண்ணாமலையின் கையெழுத்தைப் பார்த்து, அழகான எழுத்து என்றார். பர்மாவில் இருந்தபோது கற்றுக்கொண்ட இங்கிலீஷ் கையெழுத்து அது.

விண்ணப்பம் போனது. காத்திருந்தேன். அப்பச்சிக்குக் கடிதம் எழுதினேன், பதில் வந்தது, எப்போதும் போல மழை, மில், உடம்பைப் பார்த்துக்கொள். கையெழுத்தைப் பற்றி அவர் ஒரு வரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஒரே ஒரு வித்தியாசம். முன்பெல்லாம் "சிரஞ்சீவி மகன் பழனியப்பனுக்கு" என்று தொடங்குவார். இப்போது "சிரஞ்சீவி பழனியப்பனுக்கு" என்று தொடங்கினார். கோபத்தில் அல்ல என்று எனக்குத் தெரியும். கடிதம் யார் கையிலாவது சிக்கி எனக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று பயந்திருப்பார். பர்மா அவருக்கு அந்தப் பயத்தைக் கற்றுக் கொடுத்திருந்தது.

அடுத்த மார்ச்சில், பனி இன்னும் கரையாமல் வாசல் படிகளில் கறுத்துக் கிடந்தபோது தந்தி வந்தது. அண்ணாமலைக்குக் கடுமையாக இருக்கிறது, உடனே புறப்படு. சின்னப்பச்சி அனுப்பியிருந்தார். மில்லிலேயே சுருண்டு விழுந்து, ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது என்பது பிறகு தெரிந்தது. தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக மிஸ்டர் ஹார்ப்பரிடம் போனேன். என் முகத்தைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். அப்பா சாகக் கிடக்கிறார், ஊருக்குப் போக வேண்டும் என்றேன். என் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். அலமாரியிலிருந்து என் ஃபைலை எடுத்துப் பிரித்தார். தந்தியில் இருந்த பெயரையும் ஃபைலில் இருந்த பெயரையும் பார்த்தார். பிறகு, என்னைக் காயப்படுத்தாத குரலில் கேட்டார்.

"அண்ணாமலை உன் அங்கிள் அல்லவா?"

கம்பெனி விதியில் தகப்பன், தாய், மனைவி, பிள்ளை ஆகியோருக்கு மட்டும்தான் விடுமுறை, ஆனாலும் உனக்காக நான் பார்க்கிறேன், முதலில் கிளைனைக் கேள் என்றார். கிளைன் இன்னும் தெளிவாகச் சொன்னார். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போனால், அதை நானே கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வருவதும் சந்தேகம். பெற்றோர் மரணப்படுக்கையில் இருந்தால் அவசர அனுமதி கேட்கலாம், சில நாளில் கொடுத்துவிடுவார்கள். "ஆனால் அவர் உன் பெற்றோர் அல்ல என்று நீ சத்தியம் செய்திருக்கிறாய். அவரும் செய்திருக்கிறார். இப்போது பெற்றோர்தான் என்று சொன்னால், இரண்டில் எது பொய் என்று கேட்பார்கள். நான் என்ன பதில் சொல்லட்டும்?" பென்சிலைச் சீவாமல் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் நிஜமாகவே பதிலை எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் போயிருக்கலாம். யாரும் என் காலைக் கட்டிப் போடவில்லை. விமானம் இருந்தது. நிரந்தரமாக இருக்கத் தரும் அந்த அட்டை போகட்டும் என்று ஏறியிருந்தால் மூன்றாம் நாள் அமராவதிபுதூரில் நின்றிருப்பேன். ஒன்பது நாள் அவர் உயிரோடு கிடந்தார். அந்த ஒன்பது நாளும் நான் காலை ஏழு மணிக்கு நேர அட்டையைச் செருகினேன், எர்ல் என் அப்பச்சி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், நான் போய் அளவு சொன்னேன். அப்பச்சிக்கே நான் கடுதாசியோடு நிலைக்க வேண்டும் என்பதுதானே ஆசை, இப்போது போய் அதைக் கெடுத்தால் அவர் போட்ட கையெழுத்து வீணாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அதை நான் சொல்லிக்கொண்டது பயத்தினால். கோழைக்கு உண்மையும் உதவிக்கு வரும் என்பதை அந்த ஒன்பது நாளில் தெரிந்துகொண்டேன். "வர முயல்கிறேன்" என்று ஒரு தந்தி கொடுத்தேன். முயலவில்லை.

கடைசிக் கடிதமும் சின்னப்பச்சியுடையதுதான். "பேச்சு கொழறிருச்சு. ஆனாலும் கேட்டது ஒண்ணுதான் எனக்கு வெளங்குச்சு. பயலுக்குக் கடுதாசி வந்துருச்சான்னு கேட்டாக. வந்துருச்சு அண்ணே, ஒங்க கையெழுத்தாலதான் வந்துச்சுன்னு பொய் சொன்னேன். தலைய ஆட்டுனாக. நீ வாரியான்னு ஒரு தடவகூடக் கேக்கலப்பா. மூச்சு அடங்குனப்பறம் ஒன்னைய எதிர்பாத்து ஒரு பொழுது போட்டு வச்சிருந்தோம். பங்காளிக, பய வரலைன்னா யாரு வைக்கிறதுன்னு கேட்டாக. நானே வச்சேன். பிள்ளையையும் நான்தான் குடுத்தேன், கொள்ளியையும் நானே வச்சேன். இனி இந்தப் பேச்ச விட்டுரு. ஒடம்பப் பாத்துக்க."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. பெற்றவர் அல்லவா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அது மன்னிப்பாகப் படவில்லை. நான் கொடுத்த வாக்கை, பிள்ளையைக் கொடுத்தவர் தன் கையால் நிறைவேற்றியிருக்கிறார். அவருக்கும் அண்ணன் போய்விட்டார் என்பதைக்கூட அந்தக் கடிதத்தை மூன்றாம் முறை படிக்கும்போதுதான் நினைத்தேன்.

ஆகஸ்டில் அட்டை வந்தது. பச்சை அட்டை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வந்தது நீல நிறத்தில் இருந்தது. சாதாரணத் தபாலில், மளிகைக் கடை விளம்பரத்துக்கும் மின்சார பில்லுக்கும் நடுவில் கிடந்தது. உறையைக் கிழித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் முகம், பிறந்த தேதி, ஒரு எண். குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தில் அண்ணாமலை. எனக்கு மகன் அல்ல என்று அவரை எழுத வைத்து வாங்கிய அட்டையில் அவர் பெயர்தான் முதலில் நிற்கிறது. தகப்பன் பெயர் என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும் என்று நினைத்திருந்தேன், அப்படி ஒன்று அதில் கிடையாது. யார் என் அப்பா என்பது கடைசியில் அவர்களுக்குத் தேவையாகவே இருக்கவில்லை.

மிஸ்டர் ஹார்ப்பர் அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் எல்லோரையும் கூட்டினார். ஒரு கேக். ஆளுக்கொரு காகிதக் கோப்பையில் லெமனேட். கோப்பையைத் தூக்கிப் பிடித்து, "இன்றிலிருந்து இவன் நம் குடும்பம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என் கையிலிருந்த கோப்பைக்குள் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றுகொண்டு, நான் குடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். குடித்தேன். புளிப்பும் தித்திப்புமாக நல்ல ருசிதான். ஆனாலும் அடியில் ஒரு வாய் இறங்காமல் நின்றுவிட்டது.

மணி அடித்துவிட்டது. ஒவ்வொருவராகக் கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். நான் மட்டும் அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராவது வந்து அதை வாங்கிக்கொள்வார்கள் என்று காத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பட்டறை வாசலிலிருந்து எர்ல் கத்தினார்.

"ஆனமாலி!"

"இந்தா வந்துட்டேன் அப்பச்சி" என்றேன்.

எர்ல் காதில் கையை வைத்து, என்ன சொன்னாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கோப்பையில் இருந்த மிச்சத்தை நானே குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.